நோயில்லாதவர், எண் ஏழு

பிப்ரவரி 9

பிரியமான பாட்டிக்கு,

போனில் சொன்னால் உனக்குப் பாதி கேட்காது. மீதிப் பாதியை அம்மா நடுவில் புகுந்து சொல்லிவிடுவாள். இது உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டிய சேதி, அதனால் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மே மாதம் அச்சில் வருகிறது. அதில் இருப்பது நீ.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமையலறைப் படியில் விழுந்து, முழங்கால் சில்லு உடைந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாயே, அந்த ஆபரேஷனில் உன் மூட்டுக்குள்ளிருந்து நகத்தளவு ஒரு துண்டும் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டோம். நீயும் கையெழுத்துப் போட்டாய். உங்கள் ஆடைக் கம்பெனியில் கோட்டுக்குள் வைத்துத் தைப்பீர்களே லைனிங் துணி, அந்த மாதிரி மூட்டுக்குள்ளும் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. மூட்டுவாதம் வந்தவர்களுக்கு அந்த உறையிலிருக்கிற செல்கள் வெறி பிடித்துப் பக்கத்துக் குருத்தெலும்பை அரிக்க ஆரம்பிக்கும். உடம்பை விட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும் அந்தப் புத்தி போகாது. அதை நோயில்லாதவர்களின் செல்லோடு வைத்து ஒப்பிடுவதுதான் என் வேலை. நோயில்லாத மூட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. யார் தன் நல்ல முழங்காலைத் திறந்து காட்டுவார்கள்? எங்களிடம் இருப்பது ஏழே பேர். ஏழாவது ஆள் நீ.

ஆறு பேரின் செல்கள் சாதுவாக இருந்தன. உன்னுடையது மட்டும் நோயாளியின் செல்லைப் போலவே அரித்தது. தட்டு மாறிப்போயிற்று என்று நினைத்து மூன்று தடவை செய்து பார்த்தேன். அதேதான். ஆனால் உனக்கு நோய் இல்லை. எழுபத்து நான்கு வயதில் ஒரு மாத்திரை போடாமல் நடமாடுகிறாய். அப்படியானால் உன் உடம்பில் ஏதோ ஒன்று அந்த வெறியை அடக்கி வைத்திருக்க வேண்டும் அல்லவா? உன் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை நோயாளிகளின் செல்கள் மேல் விட்டோம். அடங்கிவிட்டன, பாட்டி. அந்த அடக்குகிற பொருள் எது என்று தேடுவதுதான் இனி என் வேலை.

எங்கள் பிரிவின் தலைவி டாக்டரம்மா லேசில் யாரையும் மெச்சமாட்டார். அவரே தட்டைப் பார்த்துவிட்டு, “இந்த ஏழாம் நம்பர் யாரோ, அவங்களைக் கூட்டிட்டு வந்து நடுவுல நாற்காலி போட்டு உக்கார வைக்கணும்” என்றார். யாரென்று அவருக்குத் தெரியாது. பெயர் எழுதக் கூடாது; எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் கொஞ்சம் ரத்தம் வேண்டியிருக்கும். தேதி பிறகு எழுதுகிறேன்.

உன் சிட்டு


பிப்ரவரி 20

என் சிட்டுக்குப் பாட்டி எழுதுவது,

இங்கே உன் அப்பாவுக்கு இருமல் நின்றது. குளியலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை படித்ததுமே எழுந்து போய்க் கீழ்வீட்டுக்காரியிடம் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் பழம் விற்கிறவளிடம் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் முழங்கால் புத்தகத்தில் வருகிறது என்றால் சும்மாவா? உன் அம்மாவிடம் சொன்னதற்கு, “அப்ப இனிமே வீடு தொடைக்கிறப்ப உங்க முழங்காலையும் சேர்த்துத் தொடைச்சு வெக்கணும்” என்றாள். நான் விடுவேனா. “உன் முழங்காலை எடுத்தா என்ன கிடைக்கும், ஐம்பதுலயே கழுத்து, இடுப்புன்னு படுக்கறவ” என்றேன். அவள் தேநீர் வடிகட்டப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பிறகு, “பேத்திக்கு எல்லாம் தெரியுமா பாட்டிம்மா?” என்று கேட்டார். “அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது கால் வேகமாக நடக்கவில்லை.

இரண்டாம் தடவை படித்தபோது இவ்வளவு சந்தோஷம் வரவில்லை. மூன்றாம் தடவை, நாலாம் தடவை அதைவிடக் குறைவு.

ஒரு சந்தேகம். சும்மாதான் கேட்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பாரம் நிரப்பினோமே, அதில் ஏதாவது ஒரு பதில் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? என் வயதே எனக்குச் சரியாகத் தெரியாது, அதற்காகக் கேட்டேன்.

ரத்தம் எடுக்கத் தேதி இப்போது வைக்க வேண்டாம். குளிர் போகட்டும்.

உன் பாட்டி


மார்ச் 2

பாட்டிக்கு,

வயதில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் வானம் இடிந்து விழாது. மற்றதில் தப்பு வர வழியே இல்லை. பாரத்தை நிரப்பியதே நான்தானே. இருபத்திரண்டு கேள்வி. மூட்டு வலி உண்டா, வீக்கம் உண்டா, காலையில் விரல் மடங்குமா, என்ன மருந்து சாப்பிடுகிறார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’யில் நானே வரிசையாக டிக் போட்டுவிட்டு, “எதுவும் இல்லதானே, சரியா பாட்டி?” என்றேன். “சரி” என்றாய். உன்னைப் பற்றி உன்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா எனக்கு?

மருந்து விஷயத்தில் தப்பு இருந்திருந்தால் மட்டும் எல்லாமே போய்விடும். கட்டுரை, இரண்டு வருஷ வேலை, என் பெயர் எல்லாம். அது நம் கதை இல்லை.

இப்போது இந்த வேலையில் நாங்கள் மூன்று பேர். புதிதாக வந்த பையன் வேறொரு நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்காகவே வந்து சேர்ந்திருக்கிறான். வெளிநோயாளிகள் பக்கம் ஒரு டீச்சரம்மா வருகிறார். கரும்பலகையில் எழுதச் சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் நீண்ட விடுப்பில் இருக்கிறார். சொல்லியிருக்கக் கூடாது, வாய் நிற்காமல் அவரிடம் உன்னைப் பற்றி, எண் ஏழு என்று மட்டும், சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: “அந்த ஏழாம் நம்பர்கிட்ட இருக்கறது எங்களுக்கெல்லாம் எப்பம்மா வரும்?”

குளிர் போனதும் வந்து ரத்தம் எடுத்துக்கொள்கிறேன். தப்பிக்கப் பார்க்காதே.

உன் சிட்டு


மார்ச் 14

சிட்டு,

சுற்றி வளைத்தால் மறுபடியும் எழுதாமல் விட்டுவிடுவேன். முதல் வரியிலேயே போட்டுவிடுகிறேன். எனக்கு மூட்டுவாதம் இருக்கிறது. இன்று நேற்று வந்ததில்லை, ஒன்பது வருஷம் ஆகிறது. மாத்திரையும் போடுகிறேன். தினம் ஒன்று, வெள்ளையாக, சட்டைப் பொத்தானில் பாதி அளவு இருக்கும்.

போன வாரம் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். “இந்த மாத்திரை என்னதான்யா செய்யும்?” “வீக்கத்தை அடக்கும் பாட்டிம்மா.” “ரத்தத்துல இருக்குமா?” “பின்ன எங்க இருக்கும்?” என்றார். கடை வாசலில் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உன் தட்டில் அந்தச் செல்களை அடக்கியது நான் இல்லை, சிட்டு. என் உடம்பில் அடக்குகிற சாமான் எதுவும் இல்லை. மாத்திரைதான் இருந்தது.

அவரைக் குற்றம் சொல்லாதே. ஆரம்பத்திலேயே என் வீங்கின விரலைப் பார்த்து மூட்டுவாதம் என்று சொல்லிவிட்டு, “டாக்டர் சீட்டு இல்லாம இதைக் கொடுக்கக் கூடாது” என்றார். “அப்ப கொடுக்காதே” என்றேன். “கொடுக்கலைன்னா எதிர்க்கடைக்குப் போவீங்க” என்றார். “தெரியுதில்ல” என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் ஆடைக் கம்பெனியில் காஜா மேசையில் முப்பத்தொரு வருஷம் சட்டைக்குப் பொத்தான் துளை தைத்தது உனக்குத் தெரியும். கடைசிப் பன்னிரண்டு வருஷம் அந்த மேசைக்கு நான்தான் தலைவி என்பதும் தெரியும், நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் பெண்களை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொல்வேன். விரல் மூட்டு வீங்கியிருந்தால் காஜா கோணும். அவளை எழுப்பிப் பிசிறு வெட்டுகிற மேசைக்கு அனுப்பிவிடுவேன். “மோதிரம் இறுக்குதுக்கா” என்பார்கள். “துணி துவைச்சேன், அதான் சிவந்திருக்கு” என்பார்கள். “கை பொய் சொல்லாது, போ” என்பேன். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். போகிறவள் மட்டும் தன் நூல் டப்பாவை எடுத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் போவாள்.

வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் எனக்குப் பல் பிரஷைப் பிடிக்க வரவில்லை. விரல் பத்தும் யாருடையதோ மாதிரி இருந்தது. அந்தக் கையை நான் யாரிடம் நீட்டுவேன், சொல்.

அதிலிருந்து ஒவ்வொன்றாக மறைத்தேன். ஊசியில் நூல் கோக்க முடியாததற்குக் கண் என்றேன். உன் அப்பா நம்பிக் கண்ணாடி வாங்கித் தந்தான். எனக்கு அந்தக் கண்ணாடி தேவையே இல்லை, போட்டால்தான் தலை வலிக்கிறது. காலையில் பதினொரு மணி வரைக்கும் அறையை விட்டு வரமாட்டேன். “பாட்டி ஒரு வரி விடாம பேப்பர் படிக்கிறா” என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள். பக்கத்தைத் திருப்ப முடியாமல் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்பது வருஷம் முதல் பக்கச் சேதி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் அன்று நீ கட்டில் பக்கத்தில் வந்து பேனா மூடியைக் கழற்றினாய். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். நீ அதற்குள், “எங்களுக்கு ஒரு நல்ல மூட்டு கிடைக்கவே மாட்டேங்குது பாட்டி, இப்ப நீ கிடைச்சே” என்றாய். இந்த வயதில் என்னிடம் நல்லது என்று ஒன்று இருக்கிறது, அதை என் பேத்தி தேடி அலைந்து கண்டெடுத்தாள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சரி என்றேன். அப்புறம் மயக்க ஊசி போடுகிறவர் வந்து கேட்டார். அவரிடமும் இல்லை என்றேன். முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவது.

அந்த டீச்சரம்மா கேட்டதை நீ எழுதிய இடத்தில்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இல்லாத ஒன்றை அவளுக்குக் காட்டிவிட்டேன். எதிரே வந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பாட்டி


மார்ச் 30

சிட்டுக்கு,

கடிதம் வரவில்லை. தபால்காரர் மூன்றாம் மாடிக்கு ஏறாமலே கீழிருந்து தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

போன செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தாயாம். உன் அம்மா எடுத்தாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். “பாட்டியைக் கூப்பிடவா?” என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. நீ வேண்டாம் என்றிருக்கிறாய். போனை வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

“எதையோ திடீர்னு நிறுத்தக் கூடாது, ஆபத்துன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னா. எதை அத்தை?”

என்னைத் திட்டுவதற்கு முன்னால் என் உயிரைக் காக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அதற்கே என்னால் நிமிர முடியவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிற மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். உன் அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“எவ்வளவு நாளா?”

“ஒன்பது வருஷமா.”

“எனக்குக் கழுத்து பிடிச்சு மூணு நாள் படுத்தேனே, அப்ப என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“சொல்லுங்க.”

“வேணாம்மா.”

“சொல்லுங்க அத்தை. நான் கேக்கணும்.”

சொன்னேன். ‘உன்னைவிட இருபத்திரண்டு வருஷம் மூத்தவ நான் நிக்கறேன், நீ படுக்கறே’ என்று அன்றைக்குச் சொன்னதை, சொன்ன சொல் மாறாமல் அவள் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னேன். தண்டனை என்றால் அதுதான். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. “அப்ப இத்தனை வருஷம் ஒரு நோயாளிதான் இன்னொரு நோயாளியை ஏசிட்டு இருந்திருக்கா” என்றாள். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. சிரிப்பு இல்லை.

பிறகு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “ஜாடி மூடியெல்லாம் நான்தான் லூசா மூடி வெக்கறேன். உங்களுக்குத் திறக்க வரலைன்னு தெரியும். வயசுன்னு நினைச்சேன்” என்றாள். ஒன்பது வருஷம் மறைத்துவிட்டேன் என்று இறுமாந்திருந்தேன். அவளோ நான் திறப்பதற்குத் தோதாக மூடி வைத்திருக்கிறாள். அதைக்கூட ஒரு நாள் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. நானோ அவளை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் உன் அப்பாவுக்கும் சொன்னேன். அவன், “கண்ணாடியுமா?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

மாத்திரையை நிறுத்தவில்லை. நீ சொன்னபடியே கேட்கிறேன்.

பாட்டி


ஏப்ரல் 11

பாட்டி,

உன் கடிதம் பன்னிரண்டு நாள் என் வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது. கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், நீயும் ஒளிக்கவில்லை. இங்கே யாருக்கும் தெரியாது, கிழித்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. பதிமூன்றாம் நாள் அந்த டீச்சரம்மா வந்தார். அவர் வராந்தாவில் வருவதைப் பார்த்ததும் நான் பின்கதவு வழியாகப் போய்விட்டேன். போய் நின்ற இடம் குளிர்பெட்டி அறை. உன் ரத்தத்தின் தெளிநீர் அங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது. அதில் அந்த மருந்து உண்டா என்று சோதிக்கக் கொடுத்தேன். ஒரே சாயங்காலத்தில் விடை வந்துவிட்டது. உண்டு. இரண்டு வருஷமாக அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு வேண்டிய விடை கையில் இருந்தது, அதனால் கேட்கத் தோன்றவில்லை.

வாரத்துக்கு முப்பது பேரின் விரலைப் பிடித்துப் பார்க்கிறேன், பாட்டி. உன் விரலை ஒரு தடவை பிடித்துப் பார்த்ததில்லை. உன் முழங்கால் சில்லு உடைந்தது படியால்கூட இல்லை. அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் வலி தெரியாது, எலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டே போகும். அன்றைக்கு எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருந்ததை நானே பார்த்தேன். வயது என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனேன்.

விடையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

“ஏழாம் நம்பர் பொய் சொல்லியிருக்காங்க டாக்டர். மருந்து சாப்பிட்டிருக்காங்க.”

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“ஒரு சந்தேகம் வந்தது. சோதிச்சுப் பார்த்தேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். எண் ஏழு என் பாட்டி என்று சொல்லவில்லை. பாரத்தில் டிக் போட்டது நான் என்று சொல்லவில்லை. நீ எழுதித்தான் எனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். வேலையை விட்டு வந்த பையன் அன்று முழுக்க வெறும் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மறுநாள் எல்லோரையும் கூட்டி வைத்து டாக்டரம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்படணும்னா அதுக்கு ஒரு தைரியம் வேணும். பார்த்துக் கத்துக்கங்க” என்றார். கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர், “அந்தக் கிழவிக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்ல என்ன கேடு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாட்டி.

அதிலிருந்து ஆஸ்பத்திரியில் யாராவது மரியாதையாக வணக்கம் சொன்னால் எனக்குக் காது சுடுகிறது.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று எழுதத் தோன்றவில்லை. போகவில்லை. ஆனால் கோபப்படுகிற யோக்கியதையும் எனக்கு இப்போது இல்லை. நல்ல டாக்டரிடம் உன்னைக் காட்டச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே வேண்டாம். வேறு எங்காவது.

சிட்டு


ஏப்ரல் 19

என் சிட்டுக்கு,

கடிதத்தின் அடியில் ‘உன்’ என்று போடவில்லை, கவனித்தேன். நானும் போன இரண்டு கடிதத்தில் போடவில்லை. இந்தத் தடவை போடுகிறேன், எந்தக் கணக்கில் வைத்துக்கொண்டாலும் சரி.

உன் கடிதத்தைப் படித்ததும், ‘பழியை என் மேல் போட்டதில் தப்பே இல்லை, பொய் சொன்னவள் நான்தானே, அதை அப்படியே விட்டுவிடு’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு அது சுலபம். கிழவி என்று பெயர் எடுப்பதில் எனக்கு என்ன நஷ்டம், யாரும் என்னைப் பார்க்கப்போவதில்லை. உனக்கும் சுலபம். பாதி எழுதிய பிறகு பேனா ஓடவில்லை. விரலால் இல்லை, விரல் இன்று நன்றாகத்தான் இருக்கிறது.

அன்று உனக்குத் தட்டினார்களே கை, அதுவும் என் மாத்திரையும் ஒன்றுதான். போட்டுக்கொண்டால் வலி தெரியாது. நிமிர்ந்து நடக்கலாம், நாலு பேர் மெச்சுவார்கள். ஒரு நாள் ஒன்றுமில்லாத படியில் விழுந்து உடையும்போதுதான் உள்ளே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும். நான் ஒன்பது வருஷம் போட்டவள். நீ போட்டது பத்து நாள் இருக்குமா? இப்போது நிறுத்தினால் ஆபத்து இல்லை.

நீ சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். காஜா மேசையில் கையைப் பார்த்து நாங்கள் சிரித்தோமே, அதில் எத்தனை பேர் தன் கையை மடியில் மறைத்துக்கொண்டு சிரித்தார்களோ. எனக்கு அதெல்லாம் இப்போதுதான் தோன்றுகிறது. அதனால் உன் சிரிப்பு என்னைக் குத்தியது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் குத்தியது.

இனி முக்கியமான விஷயம். வேறு எங்காவது போகச் சொன்னாய். உன் அம்மா விசாரித்தாள். இந்த நோய்க்கு உங்கள் டாக்டரம்மாவைவிடக் கைராசியான ஆள் பக்கத்தில் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரிடமே நேரம் வாங்கிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. “உங்களைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்வீங்க, ஒன்பது வருஷமா அதானே சொல்றீங்க” என்றாள். மருமகளுக்கு இப்போது வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. அது நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்பார், இதற்கு முன் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததுண்டா, மூட்டில் ஆபரேஷன் உண்டா, அப்போது யாராவது எதுவும் கேட்டார்களா என்று. என் வாயில் இன்னொரு ‘இல்லை’ வராது, சிட்டு. நடந்ததை நடந்தபடி சொல்வேன். அவள் டிக் போட்டாள், நான் சரி என்றேன், இரண்டும் நடந்தது என்பேன். நீ கேட்டாய், நான்தான் மறைத்தேன் என்று சொல்லி உன்னைக் காப்பாற்றலாமா என்றுகூட ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதுவும் ஒரு மாத்திரைதானே என்று விட்டுவிட்டேன்.

அதனால் என் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் உன் வாயிலிருந்து வரட்டும். புதன்கிழமை வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. பாட்டி மிரட்டுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு உன்னை விட்டால் மெச்சிக்கொள்ள ஆள் இல்லை. அந்த மெச்சல் பொய்யாக இருக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உன் அம்மாவுக்கு இதை நான் படித்துக் காட்டவில்லை.

உன் பாட்டி


வியாழக்கிழமை காலை. மருந்துச் சீட்டின் பின்பக்கம். நர்ஸிடம் கொடுத்தனுப்பியது.

பாட்டி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. திங்கள் சொல்லவில்லை, செவ்வாயும் சொல்லவில்லை. நேற்று மாலை ஐந்து மணிக்கு, டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கதவை மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பையைக் கீழே வைக்காமலே கேட்டார். “அன்னைக்குக் கை தட்டினப்போ உனக்கு எப்படி இருந்தது?” என்றார். சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இன்று காலையில் எல்லோர் முன்னாலும் மறுபடியும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். பின்வரிசைக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை முடிகிறவரைக்கும் நான் ஆய்வுக்கூடத்துக்குள் போகக் கூடாது. அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. டீச்சரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வருகிற நாள் திங்கட்கிழமை. நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், டாக்டரம்மா சம்மதித்திருக்கிறார்.

உன்னைப் பரிசோதிக்கிற அறைக்குள் நான் வரக் கூடாது என்பது உத்தரவு. அம்மா உன்னோடு இருப்பாள். காலை நேரம், விரல் மடங்காது. மடக்கிக் காட்டப் பாடுபடாதே, இருக்கிறபடியே நீட்டு. பாரத்தை அவரே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். இருபத்திரண்டு கேள்வி, நேரம் ஆகும். ஆகட்டும்.

கேட்டு முடிப்பதற்கு முன்னால் சரி என்று சொல்லிவிடாதே.

நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன்.

உன் சிட்டு